திருநெல்வேலிச் சீமையில் கொக்கோவும் கருப்பட்டியும்

கொக்கோ, தென் அமெரிக்காவின் அமேசான் படுகையைத் தாயகமாகக் கொண்ட மரம். அதன் விதையிலிருந்து கிடைக்கும் தூளைப் பாலில் காய்ச்சி இனிப்புச் சேர்த்துக் குடிக்கும் பானமே சூடான சாக்லேட். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக் காலப் பானமாக இது இன்று தமிழகத்து வீடுகளிலும் தயாரிக்கப்படுகிறது. இந்தியாவில் கொக்கோ மரம் முதன்முதலில் நடப்பட்டது திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த குற்றாலத்தில், 1798 ஆம் ஆண்டில். ஆயினும் அதே சீமையின் ஸ்ரீவைகுண்டம், தூத்துக்குடி, உடன்குடி வட்டாரங்களில் மார்கழிக் குளிருக்கு மக்கள் குடித்தது சாக்லேட் அல்ல. சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த காப்பியே. மரம் வந்த ஊரில் பானம் வேரூன்றாமல் போனதற்கான காரணங்கள் விதை, தொழில்நுட்பம், இனிப்பு ஆகிய மூன்றிலும் உள்ளன.

விதையின் பயணம்

நடு அமெரிக்காவின் மாயா, அஸ்டெக் மக்கள் கொக்கோ விதையை வறுத்து அரைத்து, மிளகாய் முதலியவை சேர்த்து, நுரை பொங்க ஆற்றிக் குடித்தனர். அதில் சர்க்கரை இல்லை. 16 ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். ஐரோப்பாவில் கரும்புச் சர்க்கரை சேர்ந்த பிறகே அது இனிப்பான சூடான பானமாயிற்று. 1657 இல் லண்டனில் சாக்லேட் விற்கும் கடை திறக்கப்பட்டது.

அதே 16 ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியர் காலூன்றியிருந்தனர். 1530களில் பரதவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1542 இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தார். அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களான மிளகாய், முந்திரி, பப்பாளி, கொய்யா ஆகியவை போர்த்துக்கீசியர் வழியாகவே இந்தியாவுக்கு வந்தன. கொக்கோ மட்டும் அந்தக் கப்பல்களில் வந்து சேரவில்லை.

இதற்கு விதையின் இயல்பு ஒரு காரணம். மிளகாய் விதையும் முந்திரிக் கொட்டையும் காய்ந்த நிலையில் பல மாதங்கள் முளைப்புத்திறன் குறையாமல் இருக்கும். கொக்கோ விதை அப்படியல்ல. காயிலிருந்து எடுத்த சில நாட்களிலேயே அது முளைக்கும் திறனை இழந்துவிடும், உலர்ந்தால் செத்துவிடும். ஆகவே அதைக் கடல் கடத்த வேண்டுமானால் தொட்டியில் வளர்ந்த கன்றாகவே கொண்டுசெல்ல வேண்டும். 17 ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் பசிபிக் கடல் வழியாகப் பிலிப்பைன்சுக்குக் கொக்கோவைக் கொண்டுசென்றனர். பின்னர் அது கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் பரவியது. இந்தியாவுக்கு அது மேற்கிலிருந்து வரவில்லை, கிழக்கிலிருந்து வந்தது.

குற்றாலத்தில் கொக்கோ

தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து 1658 இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றினர். நறுமணப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற மொலுக்காஸ் தீவுக்கூட்டத்தின் அம்போய்னாவும் அவர்கள் வசமே இருந்தது. ஐரோப்பாவில் பிரெஞ்சுப் புரட்சிப் போர்கள் மூண்டபோது, ஆங்கிலேயர்கள் கிழக்கிலிருந்த டச்சுக் குடியேற்றங்களைப் பிடிக்கத் தொடங்கினர். 1796 இல் அம்போய்னா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. டச்சுக்காரர்கள் பொத்திப் பாதுகாத்த கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளைத் தம் ஆட்சிப் பகுதியில் வளர்க்கும் வாய்ப்பு அதனால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது.

அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களுள் குற்றாலமும் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் இங்கே விழுகிறது. நிழலும் ஈரக்காற்றும் தேவைப்படும் பயிர்களுக்கு இது ஏற்ற இடம். 1798 இல் அம்போய்னாவிலிருந்து வந்த கிரியோல்லோ வகைக் கொக்கோ, கம்பெனியின் எட்டுத் தோட்டங்களில் இங்கு நடப்பட்டது. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிராம்பும் குற்றாலத்தில் பயிரிடப்பட்டது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799, கர்நாடக நவாபின் நாடு முழுவதும் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்த 1801 ஆகிய ஆண்டுகளும் இதே காலத்தவை. போரும் வரிவசூலும் தோட்டம் போடுதலும் ஒரே காலத்தில், ஒரே நிர்வாகத்தின் கீழ் நடந்தன.

கிராம்பும் ஜாதிக்காயும் குற்றால மலைச்சரிவுகளில் நிலைத்தன, கொக்கோ நிலைக்கவில்லை. கிராம்பு மொட்டைப் பறித்து வெயிலில் உலர்த்தினால் விற்பனைக்குத் தயார். கொக்கோக் காயை உடைத்து, வெண்ணிறச் சதையோடு கூடிய விதைகளை ஐந்தாறு நாட்கள் குவித்துப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி அரைக்க வேண்டும். அப்படி அரைத்தாலும் அன்று கிடைத்தது எண்ணெய் மிதக்கும் கெட்டியான விழுதே. விதையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. அந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுத்துத் தூளாக்கும் முறைக்கு நெதர்லாந்தின் வான் ஹூட்டன் 1828 இல்தான் காப்புரிமை பெற்றார். கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியை இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் 1847 இல் செய்தது. இன்று வீட்டில் கரண்டியால் அள்ளிப் போடும் கொக்கோத் தூள், குற்றாலத்தில் மரம் நட்ட காலத்தில் உலகில் எங்குமே இல்லை.

ஸ்ரீவைகுண்டமும் பனங்காடும்

குற்றால அருவிகளின் நீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி அங்கிருந்து கிழக்கே ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்து கடலை அடைகிறது. நவதிருப்பதிகளுள் ஒன்றும் குமரகுருபரர் பிறந்த ஊருமான ஸ்ரீவைகுண்டம் ஆற்றின் வடகரையில் உள்ளது. ஆற்றின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் இருகரையிலும் நெல்வயலுக்கும் வாழைக்கும் நீர் தருகின்றன.

இந்தப் பசுமை ஆற்றை ஒட்டிய பகுதியோடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே நாசரேத், சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் தேரி எனப்படும் செம்மணற்காடு தொடங்குகிறது. அங்கே நிற்கும் மரம் பனை. கொக்கோ கேட்கும் நிழலும் ஈரமும் இந்த மண்ணில் இல்லை. பனைக்கு அவை தேவையும் இல்லை. எனவே இந்த வட்டாரத்து ஏழை வீட்டுக்கும் எட்டக்கூடிய இனிப்பு பனையிலிருந்தே வந்தது.

பனையேறி நாளுக்கு இருமுறை மரமேறிப் பாளையைச் சீவுவார். பாளையில் கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருக்கும். சுண்ணாம்பு இல்லையேல் வடியும் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு இருந்தால் அது பதநீர். இறக்கிய பதநீரைப் பெண்கள் ஓலைக் குடிசையில் பெரிய பாத்திரத்தில் பல மணி நேரம் காய்ச்சி, பதம் வந்ததும் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவர். சிரட்டையின் வடிவில் இறுகிக் கிடைப்பது கருப்பட்டி. கொக்கோவுக்கு ஆலையும் இயந்திரமும் தேவைப்பட்டன. கருப்பட்டிக்கு ஒரு குடும்பமும் ஓர் அடுப்பும் போதும்.

மார்கழியில் கருப்பட்டி

தேரிப் பகுதியில் பதநீர்க் காலம் பெரும்பாலும் தை, மாசியில் தொடங்கி ஆடி, ஆவணியோடு முடிகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையிலும் கிறிஸ்துமஸ் வரும் மார்கழியிலும் புதுக் கருப்பட்டி கிடைப்பதில்லை. மழைக்காலத்துக் காற்றில் உள்ள ஈரத்தைக் கருப்பட்டி எளிதில் உறிஞ்சி இளகிவிடும். ஆகவே கோடையில் காய்ச்சியதை ஓலைப்பெட்டியில் அடுக்கி, அடுப்புக்கு மேலிருக்கும் பரணில் புகை படும்படி வைத்துக் காத்தனர். பண்டிகைக் காலத்தில் கருப்பட்டி கையில் இருப்பது, அரையாண்டுக்கு முந்தைய உழைப்பையும் சேமிப்பையும் பொறுத்தது.

தமிழகத்தில் காப்பிக்கொட்டைப் பானம் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகே பரவலானது. அதன்பின் சூடான பானங்களுக்குக் ‘காப்பி’ என்பது பொதுப்பெயர்போல ஆயிற்று. சுக்கு, மல்லி, மிளகு தட்டிப்போட்டுக் கருப்பட்டியோடு கொதிக்கவைத்த நீர், காப்பிக்கொட்டை ஒன்றுகூட இல்லாமலே ‘சுக்குக் காப்பி’ என்று அழைக்கப்படுகிறது.

கிறிஸ்துமஸ் பலகாரங்கள்

கடற்கரையின் கத்தோலிக்க ஊர்களோடு, தேரிப் பகுதியில் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஊர்களும் உருவாயின. முதலூர் 1799 இல் அமைந்தது. நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் ஆகியன பின்னர் வளர்ந்தன. இவ்வூர்களின் பலருக்குப் பனையே வாழ்வாதாரமாக இருந்தது.

இவ்வீடுகளில் மாவை வேகவைக்கும் சூட்டடுப்பு கிடையாது. விறகடுப்பும் எண்ணெய்ச் சட்டியுமே இருந்தன. அதனால் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரங்கள் முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து எனச் சுட்டெடுப்பவையாக அமைந்தன. முந்திரிக்கொத்தில் முந்திரி இல்லை. வறுத்துப் பொடித்த பாசிப்பயறைக் கருப்பட்டிப் பாகில் உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பர். முந்திரிப் பருப்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை ஆகிய மூன்றால் செய்யும் தூத்துக்குடி மக்ரூன், மிதமான சூட்டில் வேகவைக்க வேண்டியது. ஆகையால் அது பேக்கரித் தொழிலாக வளர்ந்து, வீட்டுக்குக் கடையிலிருந்து வந்தது.

கொக்கோவின் மறுவருகை

இந்திய வீடுகளுக்குக் கொக்கோ தோட்டம் வழியாக அல்லாமல் டப்பா வழியாகவே வந்தது. கேட்பரி நிறுவனம் 1948 இல் இந்தியாவில் தொழிலைத் தொடங்கியது. கொக்கோக் கொழுப்பு ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகும். தூத்துக்குடி வெயிலில் சாக்லேட் கட்டி நிற்காது. தூளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1960களில் கேரளத்தின் வயநாட்டில் கொக்கோ ஆராய்ச்சியும் அதைத் தொடர்ந்து வணிகச் சாகுபடியும் தொடங்கின. 1973 இல் மங்களூரில் உருவான கேம்ப்கோ கூட்டுறவுச் சங்கம், 1986 இல் புத்தூரில் சாக்லேட் ஆலை அமைத்தது. தமிழகத்தில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் கொக்கோ இன்று ஊடுபயிர்.

வீட்டில் செய்யும் முறை

கருப்பட்டியும் கொக்கோவும் சுவையில் ஒத்துப்போகின்றன. இரண்டிலும் லேசான புகைமணமும் கசப்பும் உண்டு. நான்கு பேருக்கு 600 மி.லி. பால், இனிப்புச் சேர்க்காத கொக்கோத் தூள் 4 மேசைக்கரண்டி, கருப்பட்டி 80 கிராம், சுக்குத் தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை போதும்.

கருப்பட்டியைத் தட்டி, 150 மி.லி. நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். சிரட்டைத் துகளும் மணலும் அடியில் தங்கும். அந்தப் பாகில் சிறிதளவு எடுத்துக் கொக்கோத் தூளைக் கட்டியில்லாமல் குழைக்க வேண்டும். பாலை நன்றாகக் காய்ச்சி, குழைத்த கொக்கோ, சுக்கு, உப்பு சேர்த்து இரண்டு நிமிடம் சிறுதீயில் கிளற வேண்டும். அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்த பிறகே மீதிப் பாகை ஊற்ற வேண்டும். கொதிக்கும் பாலில் ஊற்றினால் பால் திரிந்துபோகக்கூடும். இறுதியில் இரண்டு டம்ளர்களில் மாற்றி மாற்றி ஆற்றினால் நுரை வரும்.

பரிசாகக் கொடுக்க உருண்டையாகவும் செய்யலாம். 150 கிராம் கருப்பட்டியை வடிகட்டிய கெட்டிப் பாகாக்கி, இறக்கிவைத்து, 50 கிராம் கொக்கோத் தூளும் 75 கிராம் வறுத்துப் பொடித்த முந்திரியும் சேர்த்துப் பிசைந்து, இளஞ்சூட்டில் உருட்ட வேண்டும். இளகலாக இருந்தால் முந்திரிப் பொடி கூட்டலாம். அப்படியே தின்னலாம், சூடான பாலில் ஒன்றைப் போட்டுக் கலக்கியும் குடிக்கலாம். மழைக்காலமாதலால் ஈரம் புகாத டப்பாவில் வைப்பது அவசியம்.

இன்றைய நிலை

கொக்கோத் தூள் இன்று ஸ்ரீவைகுண்டத்துப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும் பொருள். கலப்படமற்ற கருப்பட்டி கிடைப்பதே அரிது. நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து மரமேறும் வேலைக்கு இளைஞர்கள் வருவதில்லை. பனையேறிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சிய கருப்பட்டி குறைந்த விலைக்கு விற்கப்படுவதால், தூய கருப்பட்டி காய்ச்சுபவருக்கு உழைப்புக்கேற்ற விலை கிடைப்பதில்லை. பனை தமிழகத்தின் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என 2021 இல் தமிழக அரசு அறிவித்தது. உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. மரத்தைக் காக்க ஆணை வந்துவிட்டது. அதில் ஏறுபவருக்குக் கட்டுப்படியாகும் கூலி கிடைத்தால்தான் மார்கழிப் பானத்துக்குரிய கருப்பட்டி தொடர்ந்து கிடைக்கும்.