தரை டிக்கெட்டின் தீர்ப்பு

"படம் எப்படி?"

இரண்டே சொற்கள். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே, திருமுல்லைவாயில் நிலையத்தில் மாலை மின்வண்டி வந்து நிற்கிறது. தொழிற்பேட்டைகளிலே பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் இறங்குகிறார்கள். தேநீர்க் கடைப் பலகையில் அமர்கிறார்கள். முதல்நாள் படம் பார்த்து வந்தவரை நோக்கி மற்றவர் கேட்கும் முதற் கேள்வி இது. "பாட்டு நல்லாருக்கு, கதைதான் அரைச்ச மாவு" என்கிறார் ஒருவர். "போப்பா, கொடுத்த காசுக்கு அந்தக் கடைசிக் காட்சி ஒண்ணே போதும்" என்கிறார் மற்றொருவர். தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பு வழங்கப்பட்டு விடுகிறது.

"வேலையற்றோரின் வீண்பேச்சு!" என்று முகம் சுளிக்கும் மேதாவிகள் உண்டு. நாம் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்லர். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. வாய் திறக்க உரிமையற்றுக் கிடந்தவன் வாய் திறந்த வரலாறு அது.

இவ்வூரின் பழங்கதையையே எடுத்துக்கொள்வோம். குறும்பர்மீது படையெடுத்துச் சென்றானாம் தொண்டைமான். அவன் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாம். வாளால் கொடியை வெட்டினானாம்; குருதி பெருக்கெடுத்ததாம்; புதருக்குள்ளே இலிங்கம் இருந்ததாம். மாசிலாமணீசுவரர் கோயிலின் வரலாறு என்று இதனைச் சொல்வர். எத்தனை தலைமுறை இக்கதையைக் கேட்டிருக்கும்! கேட்டவர்களுள் எவரேனும் எழுந்து, "கதை எப்படி?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கருத்துக் கேட்டிருக்க முடியுமா? முடியாது. கேட்பது புண்ணியம், கேள்வி கேட்பது பாவம். அதுதான் காலட்சேப மண்டபத்தின் சட்டம். உழைத்து ஊருக்குச் சோறளித்த ஒரு பெருங்கூட்டத்துக்கோ, அந்த மண்டபத்துக்குள்ளே அமர்ந்து கேட்கும் உரிமையும் இல்லை. அவர்களுக்குக் கோயில் வாயிலை மாகாணம் முழுமைக்கும் சட்டம் திறந்துவிட்டது 1947ஆம் ஆண்டிலேதான்.

அதற்கு முன்னரே வேறொரு வாயில் திறந்தது. அது கொட்டகை வாயில்.

1897இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்திலே சலனப் படம் காட்டப்பட்டது. வெள்ளையரும் வசதி படைத்தோரும் கண்டு வியந்த காட்சி அது. ஆனால் 1905இல், திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரத்துடன் ஊர் ஊராகப் புறப்பட்டார். மண் தரையிலே மக்கள் அமர்ந்தனர். படம் பேசவில்லை, எழுத்து அட்டைகள் திரையிலே தோன்றின. எழுத்தறியாதாருக்கு அவற்றை உரக்கப் படித்துக் காட்ட ஒருவர் நின்றார். திரையிலே படம் ஊமை. தரையிலே மக்கள் ஊமையாக இருக்கவில்லை!

டூரிங் கொட்டகைகளிலே ஒரே ஒரு கருவிதான் இருக்கும். ஒரு சுருள் முடிந்ததும் விளக்கெரியும். அடுத்த சுருளை மாட்டும்வரை ஆட்டம் நிற்கும். முறுக்குக்காரர் குரல் கொடுப்பார், சோடா உடையும். அந்தச் சில நிமிடங்களிலே, "இவன் செய்தது சரியா? அவள் அழுதது நியாயமா?" என்று பேச்சு எழும். தமிழகத்துத் திரைத் திறனாய்வு பிறந்த இடம் எது என்று எவரேனும் வினவினால், ஏட்டையோ மன்றத்தையோ நாம் காட்டமாட்டோம். அந்த மண் தரையையும் அந்த இடைவேளையையுமே காட்டுவோம்.

ஈழத்துப் பேரறிஞர் கா. சிவத்தம்பி, தமிழ்ப் படத்தைப் பற்றி 1981இல் வெளிவந்த தம் ஆய்விலே ஒரு பேருண்மையை எடுத்துரைத்தார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை கண்ட முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்றார். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது குலமன்று, கொடுக்கும் காசு. காசால் வரும் பேதமும் பேதந்தான். அதை நாம் மறைக்கவில்லை. பெண்களுக்குத் தடுப்புக்கு அப்பால் தனியிடம் என்ற வழக்கமும் நெடுநாள் நீடித்தது. ஆயினும், பிறப்பால் வரும் தடை ஒருநாளும் நீங்காது. காசால் வரும் தடை கூலி கிடைத்த அன்றைக்கு நீங்கும். தரை டிக்கெட் வாங்கியவனுக்குப் படத்தோடு சேர்ந்து வேறொன்றும் கிடைத்தது. "என் காசு, என் கண், என் கருத்து" என்னும் துணிவு அது.

ஆள்வோர் இதை அறியாமலிருந்தார்களா? 1918இல் சினிமாச் சட்டம் வந்தது. 1920இல் சென்னையிலும் தணிக்கைக் குழு அமைந்தது. எதை மக்கள் பார்க்கலாம் என்பதை மேலிருந்தோர் முடிவு செய்தனர். 1927இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையிலே அமைந்த விசாரணைக் குழு, நாடெங்கும் சென்று 353 பேரிடம் சாட்சியம் பெற்றது. மக்களைப் படம் கெடுக்கிறதா என்பது கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று. மக்களைப் பற்றிப் பெரியோர் கருத்துரைத்தனர். மக்கள் தம் கருத்தைக் கொட்டகையிலே உரைத்தனர்.

எவ்வாறு உரைத்தனர்? 1931 அக்டோபர் 31இல் 'காளிதாஸ்' வெளிவந்து படம் பேசத் தொடங்கியது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே திரையரங்கிலே மூன்று தீபாவளிகளைக் கண்டது. சுவரொட்டி ஒருவரை ஒருமுறை அழைத்து வரும். மூன்று தீபாவளிக்குக் கூட்டம் சேர்ப்பது வாய்ச்சொல்! கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிட்டு, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிக்கும் பாட்டுப் புத்தகம் வீடுதோறும் சென்றது. 1947இல் தோன்றிய 'குண்டூசி' இதழின் கேள்வி பதில் பகுதியிலே, பெயர் அறியாச் சிற்றூர் வாசகனும் கேள்வி தொடுத்தான்.

பிறகு வந்தது வசனத்தின் காலம். 1949இல் அண்ணாவின் 'வேலைக்காரி'. காளியின் முன்னே நின்று, "நீதி எங்கே?" என்ற பொருள்படக் குமுறினான் கதைத்தலைவன். 1952 தீபாவளிக்குக் கலைஞரின் வசனத்தில் 'பராசக்தி'. தடை செய்க என்று கூக்குரல் எழுப்பினர் வைதிகர்; கண்டனம் தீட்டின ஏடுகள். படம் தடை செய்யப்படவில்லை. நீதிமன்றக் காட்சியின் வசனத்தை இளைஞர் தெருமுனையிலே ஒப்பித்தனர். "கோயிலில் நடப்பதைத் தட்டிக் கேட்டது சரியா?" என்ற வழக்கு, முடி திருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் விசாரிக்கப்பட்டது. காலட்சேப மண்டபத்திலே கேட்க முடியாத கேள்வியைக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தவன் கேட்டான்.

இங்கே ஒன்றை நேர்மையோடு சொல்ல வேண்டும். பெரியார் சினிமாவைப் போற்றியவரல்லர். கேடு என்றே கடிந்தார். அண்ணா அதைக் கருவியாக ஏந்தினார். ஒரே அறிவியக்கத்துக்குள்ளே இரு கருத்து! அது குறையன்று. கருத்து மாறுபடும் உரிமைக்காகப் பிறந்த இயக்கம் வேறெப்படி இருக்கும்?

மக்கள் தீர்ப்பு தவறாதா? தவறும். 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' வந்தது. பாட்டில்லை, ஆட்டமில்லை, கொலை ஒன்றைப் பலர் பலவாறு சொல்லும் புதுமுறைக் கதை. மக்கள் ஆதரிக்கவில்லை. இன்று தமிழ்ப் படங்களின் முன்வரிசையிலே வைத்து அதைப் பேசுகிறோம். கொட்டகை கைவிட்டதைப் பேச்சு மீட்டது. ஆகவே, தவறிய தீர்ப்புக்கு மருந்து வாய்ப்பூட்டன்று, மறு விசாரணை.

இத்தனை அரும்பாடுபட்டுப் பெற்ற உரிமைக்கு இன்று இரு திசையிலிருந்து இடர் வருகிறது.

ஒன்று, நம் கையாலேயே வருவது. 1950களிலிருந்து நடிகர் பெயரால் மன்றங்கள் எழுந்தன. அவற்றுள் படிப்பகம் நடத்தியவையும் குருதிக்கொடை அளித்தவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கட் அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்பவன் யார்? கோயிலைக் கொட்டகைக்குள் கொண்டுவந்தவன் அல்லவா? "தலைவர் படம்; குறை சொல்லாதே!" என்று உறுமுகிறானே, "கேள்வி கேட்பது பாவம்" என்ற பழைய குரலுக்கும் அதற்கும் என்ன வேற்றுமை? ரசிகன் பக்தனாகும் நொடியிலே, தரை டிக்கெட்டின் துணிவு செத்துவிடுகிறது.

மற்றொன்று, வெளியிலிருந்து வருவது. 2024 நவம்பரில், முதல்நாள் திரையரங்கு வளாகத்திலே பார்வையாளரிடம் கருத்துக் கேட்க யூடியூப்காரர்களை அனுமதிக்கலாகாது என்று தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் வேண்டிற்று. படம் வெளியாகி முதல் மூன்று நாள் விமர்சனத்துக்கே தடை கோரி உயர்நீதிமன்றமும் சென்றது. தடை விதிக்க மறுத்தது நீதிமன்றம். காசு வாங்கிக்கொண்டு தூற்றுவோரும், ஆளை வசைபாடுவோரும் உண்டு என்னும் அவர்கள் மனக்குறையை நாம் புறந்தள்ளவில்லை. பலர் உழைப்பு படமாகிறது; அதைப் பழிப்பது திறனாய்வாகாது. ஆயினும், களவு நடக்கிறதென்று சந்தையையே மூடுவாருண்டோ?

அப்படியானால் நாம் செய்யத்தக்கது என்ன? "படம் எப்படி?" என்ற கேள்வியோடு இன்னொரு சொல்லைச் சேர்ப்பதே. "ஏன்?" என்னும் ஒரே சொல்! நன்று என்றால் ஏன் நன்று? பெண்ணை அதிலே எப்படிக் காட்டினார்கள்? ஏழையை ஏளனம் செய்தார்களா? சாதியை மறைத்தார்களா, மெருகிட்டார்களா? நமக்குப் பிடித்த நடிகர் என்பதற்காகப் பொறுத்துக்கொண்டோமா?

பெண் தொழில்முனைவோர்க்கெனத் தனித் தொழிற்பேட்டை அமைந்த ஊர் திருமுல்லைவாயில். அன்று தடுப்புக்கு அப்பால் அமர்ந்திருந்தவர்களின் பேத்திகள் இன்று அதே மின்வண்டியில் வந்து இறங்குகிறார்கள். தேநீர்க் கடைப் பலகையில் அவர்களுக்கும் இடம் வேண்டும்; அவர்கள் தீர்ப்பும் அங்கே ஒலிக்க வேண்டும்.

முல்லைக்கொடியில் குருதி வந்தது என்றபோது, "ஏன்?" என்று கேட்கவிடவில்லை. இன்று கேட்கத் தடையில்லை. கேட்காமலிருந்தால் குற்றம் நம்முடையதே.