கருக்கலைப்பு விவாதம்

கருவை மருந்தாலோ அறுவை முறையாலோ நீக்குவது கருக்கலைப்பு. இந்தியச் சட்டத்தில் அது இன்றும் குற்றமே. மருத்துவர் சட்டப்படி ஒப்பினால் விலக்கு உண்டு. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவில் சொன்னதை, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 88ஆம் பிரிவில் சொல்கிறது. தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை உண்டு.

திருட்டுத்தனமான கலைப்புகளில் பெண்கள் இறந்ததை 1964இல் அமைந்த சாந்திலால் ஷா குழு ஆராய்ந்தது. அதன் அறிக்கையையொட்டி வந்த 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்துக்கு மக்கள்தொகைக் கவலையும் ஒரு காரணம். பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் அதற்கு வெகுகாலம் முன்பே எழுதிவிட்டார். அவர் பேசியது கருத்தடையைப் பற்றி. ஆனால் அந்த வாதம் இந்தச் சட்டத்தின் வாசலில்கூட நுழையவில்லை.

அச்சட்டத்தின் 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர், சிறுமியர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர் ஒப்ப வேண்டும். மணமாகாதவருக்கும் இந்த 24 வார உரிமை உண்டு என்றது உச்ச நீதிமன்றம் (2022). மறு ஆண்டே, இரு குழந்தைகளுக்குத் தாயான ஒருவரின் 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி மறுத்தது.

கருவும் உயிரே என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. இந்து தரும நூல்களும் கருவழிப்பைப் பாவப் பட்டியலில் வைத்தன. எதிரணி பெண்ணின் உடலுரிமையைச் சொல்கிறது. அந்த அணிக்கும் ஒரு சங்கடம் உண்டு. பெண் கரு என்று ஸ்கேனில் அறிந்து கலைப்பதை அவர்களே எதிர்க்கிறார்கள். இதற்காக வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பதோ கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத்தான்.

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் பெண்களுக்குக் கேள்வி இன்னும் நேரடியானது: லீவு கிடைக்குமா? சட்டப்படியான கலைப்புக்குப் பின் ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம். அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த விடுப்பை வைத்துக்கொண்டது. ஆனால் சான்று காட்ட வேண்டும். பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது 2021 திருத்தம். விடுப்பு வேண்டுமானால் அவளே அந்தச் சான்றை மேற்பார்வையாளரிடமோ அலுவலகத்திலோ நீட்டியாக வேண்டும். மருத்துவர் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே விழுங்கியவளுக்குக் காட்டச் சான்றே இல்லை. ரகசியத்தையும் சம்பளத்தையும் சேர்த்துத் தரக் கருக்கலைப்புச் சட்டமும் விடுப்புச் சட்டமும் தவறிவிட்டன.