மீனுக்கும் ஒரு பேரேடு

போன ஞாயிறு கொல்கத்தாவில் மீன் மார்க்கெட் போயிருந்தேன். இலிஷ் விலையைக் கேட்டதும் கட்லாவோடு திரும்பிவிட்டேன் :-) பக்கத்தில் நின்ற வங்காளிப் பெரியவர் சொன்னார், "ஒரு காலத்தில் இது கடலிலிருந்து கங்கையில் ஏறி அலகாபாத் வரைக்கும் போகும்." உண்மைதான். 1975இல் ஃபராக்கா தடுப்பணை வந்த பிறகு அந்தப் பயணம் கிட்டத்தட்ட நின்றுபோனது. எவ்வளவு குறைந்தது என்றால், வலையில் விழுந்த கணக்கைத்தான் சொல்கிறார்கள். ஆற்றில் போகிற மீனை யார் எண்ணுவது?

எண்ணிய ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் உள்ள பான்வில் அணை. சால்மன் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். (தீபாவளிக்கு நாம் டிக்கெட்டுக்கு அலைவதைப் போல.) அதற்காக அணையில் படிப்படியாகத் தொட்டிகள் கட்டி 'மீன் ஏணி' வைத்தார்கள். 1938இலிருந்தே எண்ணிக்கையும் ஆரம்பம். பின்னாளில் தண்ணீருக்குள் பார்க்கக் கண்ணாடி ஜன்னல் வந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள், இனம் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணுவார். மணிக்கு 50 நிமிடம் எண்ணி, மீதி 10 நிமிடத்துக்கு விகிதம் போடுவார்கள். இரவில் வீடியோ கேமரா பதிவு செய்யும். பிறகு ஓடவிட்டு எண்ணுவார்கள். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இந்த வேலையின் அருமை தெரியும்!

எண்ணி என்ன ஆயிற்று? கடலிலிருந்து சுமார் 1,450 கி.மீ. தள்ளி, ஐடஹோ மாநிலத்தில் ரெட்ஃபிஷ் ஏரி இருக்கிறது. நடுவில் 8 அணைகள். 1992இல் அந்த ஏரிக்கு வந்து சேர்ந்த சாக்கை சால்மன் ஒன்றே ஒன்று! 'லோன்சம் லாரி' என்று பேர் வைத்தார்கள். முந்தைய ஆண்டே அழியும் இனம் என்று அரசு அறிவித்திருந்தது. அந்த ஒற்றை ஆண் மீனின் விந்தணுவை உறையவைத்து, பண்ணையில் குஞ்சு பொரிக்கப் பயன்படுத்தினார்கள். 2014இல் 1,500க்கு மேல் திரும்பின. அடுத்த ஆண்டே ஆறு சூடேறி, பெரும்பாலானவை வழியிலேயே செத்தன. லாபமோ நஷ்டமோ, இரண்டும் பேரேட்டில் ஏறியது. அதனால்தான் கேள்வி கேட்க முடிந்தது.

கங்கைத் தண்ணீர் கலங்கல். அங்கே கேமராவை வைத்தால் சேறுதான் தெரியும். அதனால் பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம், ஃபராக்காவுக்கு மேலே இலிஷ்களை அடையாளக் குறி மாட்டி விட்டிருக்கிறது. குறி உள்ள மீன் எங்கே பிடிபடுகிறதோ, அங்கே ஒரு வரவு. நல்ல ஆரம்பம். ஆனால் 1975இலேயே பேரேடு திறந்திருந்தால், அந்தப் பெரியவரின் நினைவை மட்டும் நம்பி நான் இதை எழுத வேண்டியிருக்காது.