வழி சொல்லும் தூண்கள்

விடுமுறை நாளில் குழந்தைகளை டில்லி மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்லாத தமிழ்க் குடும்பம் தலைநகரில் அரிது. அங்கே புலியையும் யானையையும் தேடி விரையும் நாம், செங்கல்லால் எழுப்பிய தடித்த தூண் ஒன்றைக் கண்டும் காணாமல் கடந்துவிடுகிறோம். எட்டுப் பட்டை கொண்ட அடிப்பகுதி. மேலே செல்லச் செல்லக் குறுகும் உருண்டை வடிவம். இத்தகைய தூண்கள் சுமார் 30 அடி உயரமுள்ளவை. எழுத்து ஒன்றும் இல்லாத அத்தூணுக்குக் கோஸ் மினார் என்று பெயர். கோஸ் என்பது ஏறக்குறைய இரண்டு மைல் கொண்ட பழைய வழியளவு; மினார் என்றால் தூண்.

மிருகக்காட்சிசாலை திறக்கப்பட்டது 1959-இல். தூணோ மொகலாயர் காலத்தது. அக்காலத்தில் ஆக்ராவிலிருந்து லாகூர் செல்லும் ராஜபாட்டை டில்லி, பானிப்பட், கர்னால், அம்பாலா வழியே சென்றது. 1619-இல் ஜஹாங்கீர் சக்கரவர்த்தி, அவ்வழி நெடுகிலும் கோஸுக்கு ஒரு தூணும், மூன்று கோஸுக்கு ஒரு கிணறும் அமைக்குமாறு ஆணையிட்டார். அவருடைய தந்தை அக்பரும் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் வரை அவ்வாறே தூண்களை எழுப்பியிருந்தார். புழுதி பறக்கும் சமவெளியில், தொலைவிலேயே தூண் தெரிந்தால் பிரயாணிக்கு வழி தப்பவில்லை என்ற உறுதி பிறக்கும். கடந்த தூரத்தை எண்ணிக்கொள்ளவும் இயலும். படிப்பு வேண்டியதில்லை, பாஷையும் வேண்டியதில்லை.

எழுத்தறியாத வழிப்போக்கரை எண்ணிப் பார்த்த உள்ளம் வடக்கே மட்டும் இருந்ததன்று. தர்மபுரிப் பகுதியில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக்கல் ஒன்று கிடைத்துள்ளது. அதியமான் பெருவழியில், நாவற்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று அது தெரிவிக்கிறது. தமிழ் எண்ணால் பொறித்ததோடு நில்லாமல், பெரிய குழி இரண்டும் சிறிய குழி ஒன்பதும் அதில் வெட்டியிருக்கிறார்கள். கண் தெரிந்தவர் படிக்கலாம், கல்லாதவர் எண்ணலாம், இருளில் வருபவர் விரலால் தடவியும் அறியலாம்.

எழுத்தை மட்டுமே நம்பி நின்ற தூணின் கதை வேறு. மிருகக்காட்சிசாலையிலிருந்து சிறிது தொலைவில், பிரோஸ் ஷா கோட்லாவில் அசோகரின் தூண் நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக், தோப்ரா என்ற ஊரிலிருந்து அதைப் பெயர்த்து, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியிலும், பின் யமுனையில் படகுகளிலும் ஏற்றிக் கொணர்ந்தார். இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்தும், அதில் எழுதியிருப்பதைச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்ஸெப் அவ்வெழுத்தைப் படித்த பின்னரே செய்தி விளங்கிற்று. மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தரச் சாலையோரம் ஆலமரங்கள் நட்டதையும், கிணறுகள் தோண்டியதையும் அசோகர் அதில் கூறுகிறார். வழிநடப்போருக்காக ஓர் அரசர் செய்த அறம், படிப்பாரின்றிப் பல நூற்றாண்டுகள் ஊமையாக நின்றது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தி மனத்தைத் தைக்கிறது. கல் அழிந்தால்தான் சரித்திரம் அழியும் என்பதில்லை. படிப்பவர் இல்லாதபோதே அது பாதி அழிந்துவிடுகிறது. கோஸ் மினார்களில் பல, சாலை விரிந்தும் ஊர் பெருகியும் மறைந்தன. ஹரியானாவில் ஏறக்குறைய 50 எஞ்சியுள்ளன. அவற்றுட் சில, பழைய பாட்டை விலகிப்போனதால் வயல் நடுவே தனித்து நிற்கின்றன. தொல்பொருள் துறையின் பாதுகாப்பு அவற்றுக்கு உண்டு. எனினும் இது என்ன என்று கேட்கும் பிள்ளையும், பதில் சொல்லும் பெரியவரும் இல்லாவிடில், வேலி மட்டும் காத்து என்ன பயன்?

பிழைப்புக்காக வந்த ஊரின் சரித்திரம் நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். அரண்மனை அரசருக்காக எழுந்தது. கோட்டை படைக்காக எழுந்தது. இத்தூண்களோ ஊர் தெரியாமல், பாஷை புரியாமல், நெடுந்தூரம் நடந்து வந்தவர்களுக்காக எழுந்தவை. அப்படியானால் அவற்றின் மீது நம்மைவிட உரிமையுடையோர் யார்? அடுத்த முறை குழந்தைகளுடன் செல்லும்போது, புலிக்கூண்டுக்குப் போகுமுன் அத்தூணருகே சற்று நிற்போம். அது எதற்காக நிற்கிறது என்பதை அவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வோம்.