மிடி இணைப்பின் வரலாறு

மிடி என்பது மின்னணு இசைக்கருவிகளும் கணினிகளும் ஒன்றோடொன்று தொடர்புகொள்வதற்காக 1983-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட பொதுத் தரநிலை ஆகும். ஒரே பாடலைப் பல கருவிகள் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றும் தனக்குரிய பகுதியை மட்டும் இசைக்க இது வழிவகுத்தது. மிடி கம்பியில் ஒலி செல்வதில்லை. எந்தச் சுரத்தை, எவ்வளவு அழுத்தத்துடன் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பன போன்ற கட்டளைகளே செல்கின்றன. ஒலியை ஒவ்வொரு கருவியும் தானே உண்டாக்குகிறது.

பின்னணி

1970-களில் சிந்தசைசர்கள் மின்னழுத்தத்தின் வழியாக இணைக்கப்பட்டன. சில நிறுவனங்கள் ஒரு ஸ்தாயி உயர ஒரு வோல்ட்டு என்ற கணக்கைப் பின்பற்றின. கோர்க், யமாகா நிறுவனங்களின் சில கருவிகளோ அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் மின்னழுத்தத்தைக் கூட்டின. இவ்விரு வகைகளையும் நேரடியாக இணைத்தால் சுருதி சேராது. எனவே ஒரு நிறுவனத்தின் கருவியை வாங்கியவர் பெரும்பாலும் அதே நிறுவனத்தையே சார்ந்திருக்க நேர்ந்தது.

உருவாக்கம்

ரோலண்டு நிறுவனர் இக்குத்தாரோ காக்கெஹாஷி 1981-இல் பொது இணைப்புமுறையின் தேவையை அமெரிக்கச் சிந்தசைசர் வடிவமைப்பாளர் டாம் ஓபர்ஹைமிடம் எடுத்துரைத்தார். அவர் வழியாக இக்கருத்து சீக்வென்சியல் சர்க்கிட்சு நிறுவனர் டேவ் சுமித்தை எட்டியது. அதே ஆண்டு நவம்பரில் சுமித் ஒலிப் பொறியியல் கழக மாநாட்டில் ஒரு முன்மொழிவை வெளியிட்டார். பின்னர் யமாகா, கோர்க், கவாய் ஆகியனவும் இம்முயற்சியில் இணைந்தன. 1983 சனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், சுமித்தின் புரோபெட்-600 கருவியும் ரோலண்டின் சூப்பிட்டர்-6 கருவியும் ஒரே கம்பியால் இணைத்துக் காட்டப்பட்டன. இரண்டும் போட்டி நிறுவனங்களின் தயாரிப்புகள் என்பதே இந்நிகழ்வின் சிறப்பு. முழுமையான தரநிலை அதே ஆண்டு ஆகத்தில் வெளிவந்தது.

செயல்படும் முறை

ஒரு மிடி கம்பியில் 16 சேனல்கள் உள்ளன. கட்டளை ஒவ்வொன்றும் சேனல் எண்ணைத் தாங்கி வரும். வகுப்பில் வருகைப்பதிவு எண்ணை அழைக்கும்போது அந்த எண்ணுக்குரிய மாணவர் மட்டும் விடையளிப்பது போல, கருவி தனக்கு ஒதுக்கப்பட்ட எண்ணுக்கு மட்டுமே இசைக்கும். கருவியின் 'இன்' துளையில் வரும் கட்டளைகளின் நகலை 'துரூ' துளை அடுத்த கருவிக்கு அனுப்புகிறது. இவ்வாறு பல கருவிகளைச் சங்கிலியாகக் கோக்கலாம். சங்கிலி நீண்டால் குறிகைகள் சிதையக்கூடும். எனவே கருவிகள் மிகும்போது, கட்டளைகளைப் பல கிளைகளாகப் பிரித்துத் தரும் தனிப்பெட்டி பயன்படுத்தப்படுகிறது.

குறைகள்

விலை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக, கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு 31,250 பிட்டு வேகத்தில் அனுப்பப்பட்டன. ஒரு சுரத்தைத் தொடங்கும் கட்டளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும். ஒரே தாள அடியில் பத்துச் சுரங்கள் விழ வேண்டுமானால், கடைசிச் சுரம் சில மில்லிநொடிகள் பிந்தும். பின்னாளில் கணினிகளுக்கு வந்த பல வெளியீட்டுத் துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டிகள், துளைக்கு 16 சேனல்கள் வீதம் பிரித்து இந்நெரிசலைக் குறைத்தன.

மற்றொரு சிக்கல் ஒலிகளின் வரிசை எண். ஒரே எண் ஒரு கருவியில் பியானோவையும் மற்றொன்றில் எக்காளத்தையும் குறிக்கக்கூடும். 1991-இல் வந்த பொது மிடி தரநிலை 128 ஒலிகளுக்கு நிலையான எண்களை வழங்கி, 10-ஆம் சேனலைத் தாளக்கருவிகளுக்கு ஒதுக்கியது.

தாக்கம்

மிடியைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் விதிக்கப்படவில்லை. அதனால் சிறிய நிறுவனங்களும் கணினி உற்பத்தியாளர்களும் தயக்கமின்றி இதை ஏற்றனர். 1985-இல் வெளிவந்த அட்டாரி எசுடி கணினியில் மிடி துளைகள் உள்ளமைந்தே இருந்தன. காக்கெஹாஷி, சுமித் இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்பக் கிராமி விருது வழங்கப்பட்டது. மிடி 2.0 தரநிலை 2020-இல் வெளியிடப்பட்ட போதும், பழைய கருவிகள் ஒதுக்கப்படவில்லை. 1983-இல் செய்யப்பட்ட சிந்தசைசரை இன்றைய கணினியுடன் இணைத்து ஒரே பாடலில் இசைக்க இயலும்.