சுவருக்குள் விழுந்த பிளேடுகள்

சவரத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் தாடியைப் பற்றி எழுதுவார்கள். மன்னர்கள், மதங்கள், நாகரிகங்கள் பற்றி எழுதுவார்கள். கத்தியைத் துடைத்து வைத்தவனைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 1769இல் பிரான்சில் ழான்-ழாக் பெரே என்ற கத்தி செய்பவர் ‘போகோனோதோமி’ என்றொரு புத்தகம் வெளியிட்டார். அதன் நீண்ட தலைப்பிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது: தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளக் கற்பது, தீட்டுவதற்கான கற்களை இனம் காண்பது, தீட்டும் தோலைப் பக்குவப்படுத்துவது. (கடைசியில் ரத்தம் எடுப்பது பற்றியும் ஒரு குறிப்பு. சந்தர்ப்பம் அறிந்தவர்.) நாவிதர் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொள்கிறவன் அவருடைய வேலை முழுவதையும் வாங்கிக்கொண்டாக வேண்டும் என்பது பெரேக்குச் சொல்லாமலே விளங்கிய விஷயம்.

அந்த வேலை லேசானதல்ல. சாணைக்கல்லில் கூர்ப்பக்கம் முன்னால் போகும். தோல்வாரில் முதுகு முன்னால் போக, கூர் பின்னால் இழுபட்டு வரும். வாரின் கோடிக்கு வந்ததும் கத்தியைத் தூக்காமல் முதுகின் மேலேயே புரட்டிப் போட வேண்டும். கூரின் மேல் புரட்டினால் வாரும் அறுபடும், கூரும் போகும். கல் எப்போதாவது, வார் தினமும். முடிந்ததும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சில நாள் எடுக்கப்போவதில்லை என்றால் ஒரு சொட்டு எண்ணெய். கார்பன் எஃகு துருப்பிடிக்க ஓர் இரவு ஈரம் போதும். வசதி உள்ளவர்கள் ஏழு கத்திகள் கொண்ட பெட்டி வைத்திருந்தார்கள், நாளுக்கு ஒன்றாக, ஒவ்வொன்றிலும் கிழமையின் பெயர் பொறித்து. கத்திக்கும் ஓய்வு வேண்டும் என்ற நம்பிக்கை. சும்மா கிடந்தால் கூர் திரும்பிவிடாதுதான். ஆனால் கத்திக்குக் காயம் படுகிறது என்ற உள்ளுணர்வு பொய்யில்லை. 2020இல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் மயிரை வெட்டிப் பார்த்தார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான மயிர், வளைந்து சாய்வாகப் படும்போது விளிம்பில் சில்லுப் பெயர்த்துவிடுகிறது.

இந்தத் தினசரிக் காரியத்தை ஒழித்தவர் ஒரு கற்பனாவாத சோஷலிஸ்ட் என்பதுதான் என்னை இக்கட்டுரைக்கு இழுத்தது. கிங் கேம்ப் ஜில்லெட் 1894இல் ‘தி ஹியூமன் ட்ரிஃப்ட்’ என்ற நூலை வெளியிட்டார். போட்டி என்பதே விரயம், எல்லா உற்பத்தியும் ஒரே நிறுவனத்தின் கீழ் வர வேண்டும், நயாகராவின் சக்தியில் இயங்கும் ஒரே மாநகரில் மக்கள் வாழ வேண்டும் என்பது அவருடைய கனவு. வயிற்றுப்பாட்டுக்கு அவர் பாட்டில் மூடி விற்றுக்கொண்டிருந்தார். அந்த மூடியைக் கண்டுபிடித்த முதலாளி வில்லியம் பெயின்டர் அவருக்குச் சொன்ன யோசனை: ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப் போடுகிற பொருளாக எதையாவது கண்டுபிடி. 1895இல் ஒரு காலை, ஜில்லெட்டின் கத்தி தோல்வாருக்கு அடங்காத அளவு மழுங்கியிருந்தது. வெளியே கொடுத்துச் சாணை பிடிக்க வேண்டும். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவருக்கு மெல்லிய தகடு தோன்றிவிட்டது.

அவ்வளவு மெல்லிய தகட்டைக் கடினப்படுத்த முடியாது என்றார்கள் விஷயம் தெரிந்தவர்கள். மேற்சொன்ன அதே கழகத்தில் படித்த வில்லியம் நிக்கர்ஸன் அதைச் சாதித்தார். 1903இல் விற்றது 51 ரேஸர்கள். அடுத்த வருஷம் தொண்ணூறாயிரத்துக்கு மேல். முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேஸர்கள் வாங்கியது. தீட்ட வேண்டாம், சாணை வேண்டாம் என்பதே விளம்பரம். விரயத்தை எதிர்த்துப் புத்தகம் எழுதியவர் விரயத்தையே சரக்காக்கினார் என்று கேலி செய்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மாநகரமும் இந்தத் தகடும் ஒரே மனத்தின் காரியங்கள். தினமும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிற சின்ன வேலை அந்த மனத்துக்கு ஒரு பிழை; களைந்துவிட வேண்டியது.

ஜனங்கள் லேசில் இணங்கவில்லை. தூக்கிப் போடவேண்டிய பிளேடைக் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் தேய்த்துத் தேய்த்து இன்னும் இரண்டு சவரம் கண்டார்கள். வாரை உள்ளே செலுத்தித் தீட்டிக்கொள்ளும் ‘ஆட்டோஸ்ட்ராப்’ ரேஸரை விற்ற ஹென்றி கெய்ஸ்மனின் நிறுவனத்தோடு 1930இல் ஜில்லெட் கம்பெனி இணைய நேர்ந்தது. நம் சலூன்களில் வெகுகாலம் தோல்வார் தொங்கியது. வார் இல்லாத இடத்தில் உள்ளங்கையே வார். எய்ட்ஸ் பயம் வந்த பிறகு, பாதியாக ஒடித்த பிளேடு பிடியில் ஏறியது. அந்தப் பயம் நியாயமானது. உள்ளங்கையின் பக்குவத்தைச் சொல்லி அதை மறுக்க என்னால் முடியாது.

ஆனால் தீர்ந்த பிளேடை எங்கே போடுவது? குப்பையில் போட்டால் கையைக் கிழிக்கும். அமெரிக்க வீடுகளில் குளியலறை அலமாரியின் பின்புறம் ஒரு சின்னக் கீற்று வைத்தார்கள். அதற்குள் போட்டால் பிளேடு சுவருக்குள் விழுந்துவிடும். அடியில் பெட்டி கிடையாது, எடுக்க வழி கிடையாது. இப்போது அந்த வீடுகளைப் புதுப்பிக்கச் சுவரை உடைக்கிறவர்களின் காலடியில், இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவிலிருந்து, துருவேறிய பிளேடுகள் கும்பலாகச் சரிகின்றன.