இரண்டு மேலிலைச் சுருட்டும் ‘டில்லி’க்குப் போன பெரிய தாத்தாவும்



சுருட்டைப் பற்றி ஓர் ஆசிரியர் எழுதலாமா என்று சற்றே தயங்கினேன். புகைப்பது உடலுக்குக் கேடு. சுருட்டும் அதற்கு விலக்கன்று. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் ஒரு சுருட்டினால்தான் என் குடும்ப வரலாற்றில் அறுபது ஆண்டுகளாக நான் சுமந்து வந்த பிழையொன்று திருந்தியது. ஆகவே எழுதத் துணிந்தேன்.

என் பள்ளித் தோழர் ஒருவர் கப்பலில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் பட்டர்வொர்த்தில் உள்ள அவர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். தேநீருக்குப் பின் ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த சுருட்டுகள் வரிவரியாக இருந்தன. வெளிர் மஞ்சள் இலை ஒன்றும் கரும்பழுப்பு இலை ஒன்றும் அடிமுதல் நுனிவரை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திருகாகச் சுற்றியிருந்தன. பழைய முடிதிருத்தும் கடைகளின் வாசலில் சுழலும் வண்ணக்கோல் நினைவுக்கு வந்தது. அமெரிக்கர்கள் இவ்வகைச் சுருட்டை அந்தக் கோலின் பெயரால்தான் அழைக்கிறார்கள் என்றார் நண்பர்.

“ஒரு முறை இழுத்துப் பாருங்கள் வாத்தியாரே, ஒன்றும் ஆகிவிடாது” என்றார். வாழ்நாளில் புகைத்தறியாத நான், நட்பின் பொருட்டு இரண்டு முறை இழுத்தேன். முதலில் மரப்பட்டையின் மணம். அடுத்து மிளகின் காரம். அதன்பின் இருமல் மட்டுமே. நண்பர் நகைத்தார். நான் சுருட்டை அணைத்துவிட்டு, ஆசிரியர்களுக்கே உரிய பழக்கத்தால், செய்தித்தாளை விரித்து அதைப் பிரிக்கத் தொடங்கினேன்.

சுருட்டுக்கு மூன்று பகுதிகள் உண்டு. நடுவில் மடித்து வைக்கப்படும் உள்ளிலைகள். அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கட்டிலை. எல்லாவற்றுக்கும் மேலே சுற்றப்படும் மேலிலை. மேலிலை மெல்லியதாக, துளையின்றி, நரம்பு புடைக்காமல், இழுத்தால் கிழியாமல் இருக்க வேண்டும். வாங்குபவரின் கண் முதலில் படுவது அதன்மேல்தான். ஆதலால் எடையில் மிகக் குறைந்த அந்த ஓர் இலையே விலையில் மிக உயர்ந்தது. வழக்கமாக ஒரே மேலிலையைச் சுற்றுவார்கள். இதில் இரண்டு. தடிப்பிலும் ஈரத்திலும் வேறுபட்ட இரண்டு இலைகளை ஒரே அளவாக நறுக்கி, இடைவெளி தெரியாமல் சுற்றுவது கைத்திறன் மிக்கவர்க்கே கைகூடும்.

“இந்த இலைகள் எவ்வூரின?” என்று கேட்டேன். வெளிறியது கனெக்டிகட், கறுத்தது சுமாத்திரா என்றார் நண்பர். ஆயினும் அச்சுமாத்திரா இலை இன்று விளைவது தென்னமெரிக்காவின் எக்குவடோரில். சுமாத்திராவின் விதை அங்கே போய், மேகம் மூடிய வானத்தின் கீழ் வளர்கிறது. “விதை டெலி நாட்டு விதை. இங்கிருந்து நீரிணையைக் கடந்தால் டெலி” என்று மேற்கே கைநீட்டினார்.

டெலி! அச்சொல் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

என் பாட்டி நான் சிறுவனாக இருந்தபோது அடிக்கடி ஒரு கதை சொல்வார். தாத்தாவின் அண்ணன், அதாவது என் பெரிய தாத்தா, பினாங்கில் கப்பலிலிருந்து இறங்கிய சில மாதங்களில் ‘டில்லி’க்குப் போனாராம், திரும்பி வரவேயில்லையாம். தைப்பூசம் தோறும் அவர் பெயரைச் சொல்லிப் பாட்டி ஒரு விளக்கு ஏற்றுவார். தஞ்சையிலிருந்து மலாயாவுக்கு வந்த கூலித் தொழிலாளி மீண்டும் இந்தியாவின் வடக்கே ஏன் போக வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் எவரும் கேட்கவில்லை. அவர் போனது டில்லிக்கன்று, டெலிக்கு என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அதன்பின் டெலியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1863ஆம் ஆண்டு யாக்கோபுஸ் நியன்ஹூய்ஸ் என்னும் டச்சு வணிகர் வடகிழக்குச் சுமாத்திராவிலுள்ள டெலிக்கு வந்தார். அப்பகுதியின் எரிமலை மண்ணில் விளைந்த புகையிலை, மேலிலைக்கென்றே பிறந்தது போல் மெல்லியதாக இருந்தது. 1869இல் டெலி நிறுவனம் தோன்றியது. காடுகள் அழிந்தன, மேடான் நகரம் எழுந்தது. இலைகள் ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் பெரும் விலைக்குப் போயின. அமெரிக்கச் சந்தையில் சுமாத்திரா இலை கோலோச்சியதால், கனெக்டிகட் விவசாயிகள் 1900இல் வயலுக்கு மேல் துணிப்பந்தல் கட்டி, நிழலில் புகையிலை வளர்த்துப் போட்டியிட்டார்கள். அன்று போட்டியாளர்களாக இருந்த இரண்டு இலைகளும் இன்று என் முன்னால் ஒரே சுருட்டில் கட்டித் தழுவிக் கிடந்தன!

அந்த இலையின் பின்னால் இருந்தவர்கள் யார்? செடிகளைப் பேணியவர்கள் பெரும்பாலும் சீனர். தொடக்கத்தில் அவர்கள் பினாங்கிலிருந்தே அழைத்துச் செல்லப்பட்டார்கள். புழு ஒரு துளை இட்டாலும் மேலிலை வீண். ஆகவே ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் புழுக்களைக் கையால் பொறுக்க வேண்டும். பின்னர் சாவகத்தார் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர். தமிழர்கள் வடிகால் வெட்டினார்கள்; சாலை போட்டார்கள்; மாட்டு வண்டி ஓட்டினார்கள். இலை நம்மவர் கையில் வளரவில்லை. ஆனால் நம்மவர் போட்ட சாலையில்தான் துறைமுகத்துக்குப் போனது.

1880இல் டச்சு அரசு கூலிச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடுவது குற்றம். ஓடியவரைப் பிடித்துத் தண்டிக்கலாம். மீண்டும் தோட்டத்துக்கே அனுப்பலாம். இச்சட்டத்தின் நிழலில் நடந்த கொடுமைகளை மேடான் வழக்குரைஞர் வான் டென் பிராண்ட் 1902இல் ஒரு சிறு நூலாக எழுதி வெளிப்படுத்தினார். அரசு வழக்குரைஞர் ரெம்ரெவ் விசாரித்து 1904இல் அறிக்கை அளித்தார். அவ்வறிக்கை மக்கள் பார்வைக்கு வராமல் கிடந்தது. யான் பிரேமன் என்னும் ஆய்வாளர் 1987இல் தம் நூலில் அதனை வெளியிட்டார். 1930இல் அமெரிக்கா, தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் உழைப்பில் விளைந்த பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கும் விதியைக் கொணர்ந்தது. அமெரிக்கச் சந்தையை இழக்க அஞ்சிய புகையிலைத் தோட்டங்கள் அதன்பிறகே அத்தண்டனை முறையைக் கைவிட்டன. மனச்சான்று செய்யாததைச் சந்தை செய்தது.

என் பெரிய தாத்தா ஓடினாரா, பிடிபட்டாரா, காய்ச்சலில் மாண்டாரா, அங்கேயே குடும்பம் அமைத்து வாழ்ந்தாரா? விடை என்னிடம் இல்லை. ஆண்டிறுதி விடுமுறையில் மேடானுக்குச் சென்றேன். பினாங்கிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணந்தான். முன்பு கம்போங் கெலிங் என அழைக்கப்பட்ட கம்போங் மெட்ராஸில், 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. பாட்டி ஏற்றிய விளக்கை அங்கே நான் ஏற்றினேன். அறுபது ஆண்டுகள் தவறான திசையை நோக்கி எரிந்த விளக்கு அன்று சரியான ஊரில் எரிந்தது. கோயிலில் இருந்த முதியவர் ஒருவர், “பினாங்கிலிருந்து வந்தீர்களா?” என்று தமிழில் கேட்டார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு எழவில்லை.

ஆசிரியர்களே, நம் வகுப்பறைகளில் இரப்பர்த் தோட்ட வரலாற்றைச் சொல்கிறோம். நீரிணைக்கு அப்பால் போன நம்மவரைச் சொல்வதில்லை. அடுத்த முறை முனீஸ்வரர் படையலில் சுருட்டைக் கண்டு மாணவர் ஏதேனும் கேட்டால், சுருட்டு என்பது உலகம் சுற்றிய தமிழ்ச் சொல் என்று சொல்லுங்கள். சுருட்டப்படுவது சுருட்டு. அதுவே ஆங்கிலத்தில் ‘செரூட்’, போர்த்துக்கீசியத்தில் ‘சருட்டு’, மலாயில் ‘செருத்து’. சொல்லைப் பத்திரமாகக் கடல் கடத்திய நாம், அதே கடலைக் கடந்த மனிதரைத் தொலைத்துவிட்டோம்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அவர்கள் சொல்லும் ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகளை விட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் எப்படி உச்சரிக்கிறார்களோ அப்படியே எழுதட்டும், திருத்த வேண்டா. பாட்டி ‘டெலி’ என்றுதான் சொன்னாரோ, நான்தான் ‘டில்லி’ என்று கேட்டேனோ, இனி யாரிடம் போய்க் கேட்பது?

அந்தக் கறுத்த மேலிலையை மட்டும் நண்பரிடம் கேட்டு வாங்கி வந்து, பாட்டியின் படத்துக்குப் பின்னால் ஒரு தாளில் மடித்து வைத்திருக்கிறேன். புகைப்பதற்கு அன்று, பேரப்பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு.